‘ஓரிரு இடங்களில்’ என்றால் எந்த இடத்தில்? - வெள்ளாற்றங்கரையின் நியாயமான கேள்வி

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் தை மாதத்தில் ஒரு சொல்லைக் கேட்டாலே பலருக்கு எரிச்சல் வரும். ‘ஓரிரு இடங்களில்.’

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில், வெள்ளாற்றுப் பக்கம் இருக்கும் ஊர் இது. தை பிறந்தால் சுற்றுவட்டாரத்தில் சம்பா நெல் தலை சாய்ந்து நிற்கும். அப்போது பார்த்து டீக்கடை டி.வி-யில் ‘கடலூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு’ என்று செய்தி ஓடினால் போதும், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யாராவது ஒரு பெரியவர் கேட்டுவிடுவார்.

“ஏம்ப்பா, அந்த ஓரிரு இடத்துல நம்ம ஊரு இருக்கா, இல்லியா?”

“அது தெரிஞ்சா நான் ஏன் மாமா இங்க டீ ஆத்திக்கிட்டு நிக்கிறேன்?”

சிரிப்பு அடங்கிவிடும். கேள்வி அடங்காது. காரணம், அதன் பின்னால் பணம் இருக்கிறது. ஒரு வருடத்து உழைப்பும் இருக்கிறது.

வயல் காய்ந்திருந்தால் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்கும். மழை பெய்து சேறாகிவிட்டால் டயர் வண்டி புதைந்துவிடும். பெல்ட் மிஷின்தான் வர வேண்டும். அதற்கு மணி வாடகை அதிகம், நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். மழை வருமென்று பயந்து இரண்டு நாள் முன்னதாக அறுத்தாலோ நெல்லில் ஈரம் நிற்கும். நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் வாங்குவதில் சிக்கல். அறுத்துக் கொட்டிய நெல்லை வெட்டவெளியில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரியில் காவல் இருக்க வேண்டும். 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில், டெல்டாவிலும் கடலூர் மாவட்டத்திலும் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு ‘வாய்ப்பு’ என்ற சொல் சாதாரணச் சொல் இல்லை.

இத்தனைக்கும் வானிலைத் துறை அந்த வார்த்தையைப் போகிற போக்கில் சொல்லவில்லை. அளந்துதான் சொல்கிறது. ஒரு பகுதியில் இருக்கும் மழை அளவு நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவாகலாம் என்றால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 சதவிகிதம் என்றால் ‘சில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்கள்’. அதற்கும் மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. மழைக்கும் இப்படிக் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதைத் தாண்டினால் அதி கனமழை.

அதாவது ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் ஓர் எண் இருக்கிறது. கேட்கிறவருக்கு அந்த எண் போய்ச் சேருவதில்லை. ‘ஓரிரு’ என்பது காதில் ‘ஒண்ணோ ரெண்டோ ஊர்’ என்றுதான் விழும். ஒண்ணோ ரெண்டோ ஊர் என்றால் அது நிச்சயம் பக்கத்து ஊர்தான் என்று மனசு முடிவு கட்டிவிடும்!

சற்று யோசித்தால், தமிழ்நாட்டில் வீட்டுவாசலுக்கு வந்து சேரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அந்த வீட்டுக்காரருக்காக எழுதப்பட்டவையே அல்ல. வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போலத்தான் அவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

புயல் கூண்டையே எடுத்துக்கொள்ளலாம். கடலூர் துறைமுகத்தில் 3-ம் எண் கூண்டு ஏற்றினால் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் கருவேப்பிலங்குறிச்சியிலும் அதுதான் பேச்சு. 5-ம் எண் என்றால் பயம். 6-ம் எண் என்றால் இன்னும் கொஞ்சம் பயம். ஆனால் 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் பலத்தில் இல்லை, திசையில். புயல், துறைமுகத்தின் ஒரு பக்கமாகக் கரை கடந்தால் 5, மறுபக்கமாகக் கடந்தால் 6, துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே மூன்று நிலைகள், புயல் கடுமையானதாக இருந்தால் 8, 9, 10 ஆகின்றன. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளுமாக இதைப் படிக்க வேண்டியவர் கப்பல் மாலுமி. எந்தப் பக்கம் திரும்பினால் தப்பலாம் என்பது அவருக்கு வேண்டிய செய்தி. 1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியதை அடுத்து, 1865-ல் அந்தத் துறைமுகத்துக்காகத் தொடங்கிய எச்சரிக்கை ஏற்பாட்டின் வழிவந்த மொழி அது. நெல் வயலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த வரிசையில் ஓர் எண்ணை மட்டும் பாராட்டத்தான் வேண்டும். 11. அதுதான் கடைசிக் கூண்டு. பெரும்பாலானோர் அதை உலகமே அழியப்போகிற அளவுக்கான புயல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பொருள், வானிலை மையத்துடனான தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது. ‘எங்களுக்குத் தகவல் இல்லை, அதனாலேயே கூடுதல் கவனமாக இருங்கள்’ என்று ஓர் அரசு ஏற்பாடு வெளிப்படையாகக் கொடியேற்றிச் சொல்வது எத்தனை அபூர்வம்! தெரியாது என்பதையே ஓர் எச்சரிக்கையாக்கிய அந்த ஆள் யாரோ, கெட்டிக்காரர்.

ரெட் அலர்ட்டும் இப்படி வழிமாறி வந்த கடிதம்தான். 2018 அக்டோபர் 7-ம் தேதிக்குத் தமிழ்நாட்டுக்கு ரெட் அலர்ட் என்று செய்தி பரவியதும் பால் பாக்கெட், காய்கறி வாங்கக் கூட்டம் அலைமோதியது. 2015 வெள்ளத்தின் நினைவு அப்போது ஆறாமல் இருந்தது. பிறகு அன்றைக்கு எதிர்பார்த்த மழை வரவில்லை. கேலிதான் வந்தது. நிறங்களின் உண்மையான பொருள் இதுதான்: பச்சை என்றால் எதுவும் செய்ய வேண்டாம், மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். முதன்மையாக இது பேரிடர் மேலாண்மையில் இருக்கும் அதிகாரிகளுக்கான கட்டளை வரிசை. மீட்புப் படகு, முகாம், ஜெனரேட்டர் இதையெல்லாம் ஏற்பாடு செய்யச் சொல்கிறது. அதைக் கேட்ட இல்லத்தரசியிடம் ‘நீங்கள் என்ன செய்ய வேண்டும்’ என்று யாரும் சொல்லவில்லை. அதனால் தனக்குத் தெரிந்ததை அவர் செய்தார். நாலு பாக்கெட் பால் கூடுதலாக வாங்கினார். இதில் அவரைக் கிண்டலடிக்க என்ன இருக்கிறது?

கடிதத்தை மறுபடி எழுதித் தருகிறவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. எஸ்.ஆர்.ரமணன் சென்னை வானிலை மையத்திலிருந்து பேசிய காலத்தில், பள்ளிக் குழந்தைகள்கூட அவர் முகத்தை டி.வி-யில் தேடினார்கள். லீவு கிடைக்குமா என்ற ஆசைதான் என்றாலும், ஒரே முகம், ஒரே நிதானமான குரல் என்பது சின்ன விஷயமில்லை. 2016-ல் அவர் ஓய்வு பெற்றார். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் எளிமையான மொழியில், பயப்பட வேண்டாத நேரத்தில் பயப்பட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிப் பெயர் வாங்கினார். மன்னார்குடியைச் சேர்ந்த ந.செல்வகுமாரின் வானிலை அறிக்கை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அறுவடையை முடிக்கலாமா, தள்ளிப்போடலாமா என்கிற இடத்திலிருந்து பேச்சு தொடங்குவதால்தான் அதற்கு அவ்வளவு வரவேற்பு. இவர்கள் சொன்னதெல்லாம் பலித்துவிடுவதில்லை. பலிக்காதபோதும் ஏன் கேட்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கணிப்பு மாறினால், ஏன் மாறியது என்று அடுத்த பதிவிலேயே வந்து சொல்லிவிடுகிறார்கள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்த கதை இதற்கு நல்ல உதாரணம். புயலாக மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று 28-ம் தேதி சொல்லப்பட்டது. 29-ம் தேதி புயலாகிவிட்டது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்ததோ, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. வங்கக் கடலில் இப்படி நடப்பது அறிவியலின் தோல்வி இல்லை. நாலு நாள் முன்னால் புயலின் பாதையைச் சொல்வதும், நாளை காலை பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதும் ஒன்றல்ல. ஆனால், முதல் நாள் உறுதியான குரலில் ஒன்றும் மறுநாள் அதே உறுதியான குரலில் நேர்மாறாக இன்னொன்றும் சொன்னால் கேட்பவர் எதை நம்புவார்? ‘இப்போதைக்கு இப்படித் தெரிகிறது, நாளை மதியத்துக்குள் மாறலாம், மாறினால் சொல்கிறோம்’ என்று முதல் நாளே சொல்லிவைத்தால் மரியாதை குறைந்துவிடாது.

குறையும் என்றுதான் மேலிடங்களில் ஒரு பயம். ஜனங்களுக்குச் சதவிகிதக் கணக்கெல்லாம் புரியாது, குழப்பக் கூடாது என்பார்கள்.

புரியாதா? விருத்தாசலத்தில் நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ‘வி.ஆர்.ஐ’ என்ற எழுத்துகளோடு வெளியாகும் கடலை ரகங்கள் அங்கிருந்து வந்தவை. விதை வாங்கும் விவசாயி மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். முளைப்புத்திறன் நிலக்கடலைக்குக் குறைந்தது 70 சதவிகிதம், நெல்லுக்கு 80 சதவிகிதம் என்பது சான்று விதைக்கான விதி. வீட்டு விதை என்றால் நூறு மணியை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தது என்று அவரே எண்ணுவார். முப்பது கடலை முளைக்காமல் போகலாம் என்று தெரிந்தே, அதற்கேற்பக் கூடுதலாக விதைப்பார். எந்த முப்பது முளைக்காது என்று யாரிடமும் கேட்பதில்லை. முளைக்காத கடலையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஆராய்ச்சி நிலையத்தில் சண்டை போடுவதும் இல்லை.

நிகழ்தகவு என்ற சொல் தெரியாமலே ஒவ்வொரு பட்டத்திலும் அதை நடத்திக் காட்டுகிறவர்களிடம், ‘உங்களுக்கு சதவிகிதம் புரியாது’ என்பது கொஞ்சம் அநியாயம்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், விதை அட்டையில் ‘எதில் எழுபது’ என்பது தெளிவாக இருக்கிறது. நூறு விதையில் எழுபது. ‘மழைக்கு 70 சதவிகித வாய்ப்பு’ என்றால் எதில் எழுபது? மாவட்டத்தில் எழுபது பங்கு இடத்திலா, நாளில் எழுபது பங்கு நேரத்திலா? ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சரும் அவரது குழுவினரும் நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான் என ஐந்து நகரங்களில் இதைத்தான் கேட்டார்கள். நாளை மழைக்கு 30 சதவிகித வாய்ப்பு என்றால் என்ன அர்த்தம்? 2005-ல் வெளியான அந்த ஆய்வில், நியூயார்க் தவிர மற்ற நகரங்களில் பெரும்பாலானோர் நேரத்தையோ பரப்பையோதான் சொன்னார்கள். நாளில் முப்பது சதவிகித நேரம் பெய்யும், ஊரில் முப்பது சதவிகித இடத்தில் பெய்யும் என்று. சரியான பொருள், இதேபோன்ற பத்து நாள்கள் வந்தால் அவற்றில் மூன்று நாள் மழை பெய்யும் என்பது. பெர்லின்காரருக்கும் வெள்ளாற்றங்கரைக்காரருக்கும் இதில் பெரிய பேதமில்லை. ‘வானம் இந்த மாதிரி இருந்த பத்து நாள்ல ஏழு நாள் மழை, மூணு நாள் ஏமாத்திடும்’ என்று சொல்லிப் பாருங்கள். டீக்கடைப் பெரியவர் அடுத்த நிமிடம் பெல்ட் மிஷின் வாடகையையும் தார்ப்பாய் வாடகையையும் வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

எண்களைக் கையில் பிடிக்கிற மாதிரி ஆக்குவது இன்னொரு வேலை. 1 செ.மீ. மழை என்றால் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். ஒரு சென்ட் நிலத்தில் அது சுமார் 400 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் இருபத்தாறு, இருபத்தேழு குடம். 20 செ.மீ. என்றால் அந்த ஒரு சென்ட்டில் மட்டும் ஐந்நூறு குடத்துக்கு மேல்! 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ-க்கு மேல் கொட்டியபோது, ஒவ்வொரு சென்ட்டிலும் ஆயிரம் குடத்துக்கு மேல் ஊற்றியது என்று அர்த்தம். தண்ணீர்க் குடம் சுமந்த இடுப்புக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

கன அடியும் இப்படித்தான். ஃபெஞ்சல் மழையில் 2024 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. எச்சரிக்கை போதுமா, நேரம் இருந்ததா என்று சட்டமன்றம் வரை வாதம் நடந்தது. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். 1,68,000 கன அடி என்ற எண்ணைச் செல்போனில் பார்த்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எல்லோரும் பார்த்ததுதான். கணக்குப் போட்டால், விநாடிக்குக் கிட்டத்தட்ட 400 லாரித் தண்ணீர். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் நானூறு லாரி! பொறியாளர் தன் பதிவேட்டில் கன அடி என்றே எழுதிக்கொள்ளட்டும். கரையில் இருப்பவருக்கு லாரிக் கணக்கு போகலாமே.

வெள்ளாற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. கருவேப்பிலங்குறிச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரக்கூடும். ஆத்தூர், தலைவாசல் வழியாக வரும் வசிஷ்ட நதியும் சேலத்து மலைப்பக்கத்தின் சுவேத நதியும் சேர்ந்ததுதான் வெள்ளாறு. அங்கே பெய்த மழை தொழுதூர், பெலாந்துறை என்று அணைக்கட்டு அணைக்கட்டாக இறங்கி வரும். தலைக்கு மேல் வானத்தைப் பார்த்து முடிவெடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே வானம் உதவாது. மேற்கே இருந்து யாராவது சொல்ல வேண்டும்.

யாராவது சொல்ல வேண்டும் என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 வாக்கில் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரத் தகவலை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவர் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதே இல்லை. வலையைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமத்திலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆபத்தை அறிந்து வீட்டுக்கு போன் செய்தார். பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, தினமும் அலை உயரம் சொன்ன அதே ஒலிபெருக்கியில் ‘ஓடுங்கள்’ என்றார்கள். சுமார் 3,600 பேர் உயிர் பிழைத்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின.

அந்த ஒலிபெருக்கி அன்றைக்கு முதல்முறையாகப் பேசியிருந்தால் எத்தனை பேர் எழுந்து ஓடியிருப்பார்கள் என்பது சந்தேகம்தான். ஒன்றும் நடக்காத நாள்களில், இன்றைக்கு அலை இத்தனை அடி என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. சொன்னதைக் கடலில் போய்ச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்கள். 2023-ல் எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறிய சோதனை எச்சரிக்கை நினைவிருக்கலாம். பலர் போன் வெடிக்கப்போகிறது என்று பயந்தே விட்டார்கள்!

ஒரு காலத்தில் இந்த வேலையைத் தண்டோரா செய்தது. பறையடித்துத் தெருத்தெருவாகப் போனவருக்கு ஊரில் கிடைத்த மரியாதை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். 2022 ஆகஸ்ட்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கும்படி ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்ல முடிவு. ஆனால், நின்று, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்த ஒரு மனிதரின் இடத்தில், பதிவு செய்த குரலோடு ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டோ வந்திருக்கிறது.

விருத்தாசலம் பீங்கான் என்றால் பொம்மையும் டீ கப்பும்தான் பலருக்கு ஞாபகம் வரும். மீட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் வெள்ளை பியூஸ் கேரியரும் அந்த ஊர்ச் சரக்குதான். வெளியே மின்கம்பத்தில் மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைத் தொடுவதில்லை. மின்சாரத்துக்கு இருக்கிற அந்த மாதிரி ஓர் அடையாளம் ஆற்றுத் தண்ணீருக்கும் இருந்தால் நன்றாக இருக்கும். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் எந்த அளவு மூழ்கியிருக்கிறது என்று பார்த்தே தாமிரபரணி வெள்ளத்தை மதிப்பிட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடச் சுவரில், பாலத்துத் தூணில் ‘2015-ல் இதுவரை’ என்று ஒரு பட்டை பெயின்ட் அடிக்க ஊராட்சிக்கு எவ்வளவு செலவாகிவிடப் போகிறது? அந்தப் பட்டை இருந்தால் ஆட்டோவில் போகிற குரல் ‘சுவர்க்கோட்டுக்கு ஒரு முழம் கீழே வரை வரலாம்’ என்று சொல்ல முடியும். இப்போது ‘கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டே அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுகிறது.

திண்ணையிலிருந்து எழுந்து வாசலுக்கு வரும் பாட்டி அதன் பின்னால் குரல் கொடுக்கிறார்.

“தம்பி, எது மட்டும் வரும்? கோயில் படி மட்டுமா, நம்ம வாசல் மட்டுமா? அதச் சொல்லிட்டுப் போப்பா!”